இரண்டாவது அர்த்தம்

முதலாளியின் மச்சினன் கம்பெனிக்கு வந்து சேர்ந்த மூன்றாவது வாரம் அவனுக்கு ஒரு சொல் கிடைத்தது. அதற்கு முந்தைய இரண்டு வாரமும் அவன் என்ன செய்தான் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நாற்காலியின் உயரத்தைக் கூட்டினான், குறைத்தான். மேஜை மேலிருந்த 'மேனேஜர்' என்ற பலகையைக் கொஞ்சம் வலது பக்கம் நகர்த்தினான். மற்றபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சொல் அகப்பட்டது.

அது அலுமினிய ஜன்னல் செய்கிற கம்பெனி. மூன்றே வகைதான் செய்வார்கள். பக்கவாட்டில் தள்ளுகிற ஸ்லைடிங் ஜன்னல் ஒன்று. கீல் வைத்து, கதவு போலத் திறக்கிற ஜன்னல் ஒன்று. திறக்கவே திறக்காமல் வெளிச்சத்துக்காக மட்டும் பதிக்கிற கண்ணாடி ஒன்று. பட்டறையில் இவற்றுக்குத் தள்ளுறது, திறக்கிறது, சும்மா இருக்கிறது என்று பெயர். இந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு பதினாறு வருஷமாக ஒரு ஜன்னல்கூட மாறிப் போனதில்லை. மச்சினன் வந்த பிறகு அவனையும் பட்டறையில் மூன்றாவது வகையில் சேர்த்துவிட்டார்கள்.

மாடியில், பலகை வைத்துத் தடுத்த அறையில் உட்கார்ந்து எல்லா ஜன்னலுக்கும் படம் வரைகிறவள் ஸ்கேல் அக்கா. கொண்டையில் எப்போதும் ஆறு அங்குல ஸ்கேல் ஒன்று செருகியிருக்கும். அதனால் அந்தப் பெயர். நாற்பத்திரண்டு வயது. யாரையும் எடுத்தெறிந்து பேசமாட்டாள். மனசுக்குள் எடுத்தெறிவதோடு சரி. அந்த விஷயத்தில் அவளுக்குக் களைப்பே கிடையாது.

"மேடம், கேஸ்மென்ட்னா என்னன்னு தெரியுமா?" என்றான் மச்சினன், அவள் அறை வாசலில் சாய்ந்துகொண்டு.

"தெரியும் சார். கீல் வச்ச ஜன்னல். கதவு மாதிரி திறக்கும். சில ஆர்க்கிடெக்ட்டுங்க அனுப்புற பேப்பர்ல வரும்."

அவன் முகம் வாடியது. தெரியாது என்று சொல்லியிருந்தால் அவனுக்கு அன்றைய பொழுது நன்றாகப் போயிருக்கும். ஆனால் சட்டென்று தெம்பு வந்துவிட்டது.

"அது மொத அர்த்தம். ரெண்டாவது அர்த்தம் இருக்கு, பாருங்க." போனை அவள் மூக்குக்கு முன்னால் நீட்டினான். "இலக்கியத்துல எந்த ஜன்னலா இருந்தாலும் கேஸ்மென்ட்தான். கவிஞருங்க எல்லாம் அப்படித்தான் எழுதியிருக்காங்க."

"நம்ம யாரும் கவிதை எழுதலையே சார். ஜன்னல்தானே செய்யறோம்?"

"இங்கதான் நீங்க தப்பு பண்றீங்க. ஜன்னல்னா யாரு வாங்குவா? எல்லார் வீட்லயும்தான் ஜன்னல் இருக்கு. கேஸ்மென்ட்னு சொல்லிப் பாருங்க. வாயில அப்படியே நிக்குதுல்ல?"

அவன் வாயில் நின்றது. அடுத்த வாரமே பளபளவென்று புது கேட்லாக் வந்தது. அதில் ஜன்னல் என்ற சொல்லே இல்லை. ஸ்லைடிங் ஜன்னல் 'கேஸ்மென்ட் ஒன்று' ஆகிவிட்டது. கீல் ஜன்னல் 'கேஸ்மென்ட் இரண்டு'. திறக்காத கண்ணாடி 'கேஸ்மென்ட் மூன்று'. பட்டறை ஃபிட்டர் அதைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ஏன்க்கா, தொறக்கிறதுக்கும் அதே பேரு, தொறக்காததுக்கும் அதே பேரா?"

"இலக்கியம்ண்ணே," என்றாள் ஸ்கேல் அக்கா.

ஃபிட்டர் கேட்லாக்கை மடித்து, ஆடிக்கொண்டிருந்த ரம்பமேஜையின் காலுக்கு அடியில் வைத்தார். மேஜை ஆடாமல் நின்றது. அந்தக் கேட்லாக்கால் கம்பெனிக்குக் கிடைத்த உருப்படியான பலன் அது ஒன்றுதான்.

போனில் வந்தவர்கள் படாதபாடு பட்டார்கள். "பேஸ்மென்ட்டா? எங்க வீடு நாலாவது மாடிங்க," என்றார் ஒருவர். திரைச்சீலைத் துணியில் கேஸ்மென்ட் என்றே ஒரு ரகம் இருக்கிறதாம். அதைத் தேடி ஒரு அம்மா இரண்டு பஸ் மாறி வந்து, பட்டறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அலுமினியத் தூசி படிந்த சேலையை உதறிக்கொண்டு போனாள். மச்சினனுக்கு அதிலும் சந்தோஷம். "பாத்தீங்களா மேடம், மூணாவது அர்த்தம்கூட இருக்கு!" என்றான்.

ஸ்கேல் அக்காவின் கணவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். சாயந்திரம் வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "இன்னிக்கு டிக்‌ஷனரி என்ன சொல்லிச்சு?" என்பதுதான். அவள் மச்சினனைப் போலவே சுவரில் சாய்ந்து நின்று, குரலை இழுத்துப் பேசிக் காட்டுவாள். அவர் சிரித்துச் சிரித்துப் புரையேறுவார். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அவர்களுக்கு இவ்வளவு நல்ல பொழுதுபோக்கு அமைந்ததில்லை. அவனுக்கு அவர்கள் நன்றிக்கடன் பட்டிருந்தார்கள் என்றே சொல்லவேண்டும்.

இப்படி இருக்கும்போதுதான் டாக்டரின் கடிதம் வந்தது.

அந்த டாக்டர் நெஞ்சு நோய்க்கு மட்டும் பார்க்கிறவர். தன் ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் இருபது கட்டில் போட்டுப் புது வார்டு கட்டியிருந்தார். 'இருபத்திரண்டு கேஸ்மென்ட் தேவை. சுவரில் விட்டிருக்கும் இடம் நாலடி அகலம், நாலரை அடி உயரம்' என்று எழுதி, கீழே கையெழுத்தும் போன் நம்பரும் போட்டிருந்தார். மச்சினன் அதைப் படித்தான். பட்டறைக் கொட்டகை முழுக்க ஸ்லைடிங்குக்கு வாங்கிப் போட்ட அலுமினியச் சட்டம் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. துண்டுச்சீட்டில் 'கேஸ்மென்ட் ஒன்று – இருபத்திரண்டு' என்று கிறுக்கி, கடிதத்தோடு சேர்த்துப் பின் போட்டு மாடிக்கு அனுப்பிவிட்டான்.

ஸ்கேல் அக்கா கடிதத்தையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். எடுத்துக்கொண்டு அவன் அறைக்குப் போனாள்.

"சார், டாக்டரம்மா கேக்கறது கீல் ஜன்னல். நீங்க ஸ்லைடிங் எழுதியிருக்கீங்க."

"அவங்க கேஸ்மென்ட் கேட்டாங்க. நாம கேஸ்மென்ட் குடுக்கறோம். இதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"ஸ்லைடிங்னா பாதிதான் திறக்கும் சார். நாலடியில ரெண்டடி கண்ணாடி எப்பவும் மறைச்சுக்கிட்டே நிக்கும். கீல் வச்சா முழுசும் திறக்கலாம். அதுக்காகத்தான் கேட்டிருப்பாங்க. ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமே?"

"மேடம்." அவன் நாற்காலியைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டான். "டாக்டர் படிச்சவங்க. எந்த அர்த்தத்துல எழுதறோம்னு அவங்களுக்குத் தெரியும். கஸ்டமரோட பேசறது என் வேலை. உங்க வேலை கோடு போடறது. கோட்டைப் போடுங்க."

கோடு போடுவது. பதினாறு வருஷ வேலையை அவன் இரண்டு சொல்லில் அடக்கிவிட்டான். அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

கடிதம் மேஜை மேல் இருந்தது. டாக்டரின் நம்பர் அதன் அடியில் கொட்டை எழுத்தில் இருந்தது. போன் அவள் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் நம்பரைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். அப்புறம் அவளுக்குள் ஜில்லென்று ஒரு நிம்மதி வந்தது. விழட்டும். தானாகத் தோண்டிய குழியில் தானாக விழட்டும். நாம் ஏன் கை கொடுக்க வேண்டும்?

ஜன்னல் படத்தில் சொல்லுக்கு இடமே கிடையாது. கீல் ஜன்னல் என்றால் கண்ணாடிக்குள் ஒரு முக்கோணம் போடவேண்டும்; அதன் முனை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கீல். ஸ்லைடிங் என்றால் ஓர் அம்பு. அவள் இருபத்திரண்டு படத்திலும் இருபத்திரண்டு அம்பு போட்டாள். ஓர் அம்புகூடக் கோணவில்லை. கீழே வழக்கத்தைவிட அழகாகக் கையெழுத்துப் போட்டாள்.

அன்று சாயந்திரம் வீட்டில் அமர்க்களம். 'கோட்டைப் போடுங்க' என்பதை அவள் மூன்று தடவை நடித்துக் காட்டினாள். கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அது சரி, அந்த ஜன்னல் எந்த எடத்துக்கு?" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"நெஞ்சு ஆஸ்பத்திரிக்கு. மேல வார்டு கட்டியிருக்காங்களாம்."

அவர் சிரிப்பு நின்றது. "மூச்சு முட்டறவங்க படுக்கற எடமா? அப்போ நீயே ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"என் வேலை கோடு போடறது."

"அது அவன் சொன்னது. நீ ஏன் அதைப் புடிச்சுக்கிட்டுத் தொங்கற?"

"ஏங்க, அவனை விட்டுட்டு என்னைக் கேள்வி கேக்கறீங்களே!" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். பாத்திரங்கள் அன்று வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவப்பட்டன.

பத்து நாளில் ஜன்னல்கள் தயாராயின. டாக்டர் ஏதோ மாநாட்டுக்காக வெளியூர் போயிருந்த மூன்று நாளில் ஃபிட்டரும் அவர் ஆட்களும் எல்லாவற்றையும் பொருத்தி, சிமென்ட் பூசி, கண்ணாடி துடைத்துவிட்டு வந்தார்கள். நாலாம் நாள் காலை பதினோரு மணிக்கு டாக்டர் கம்பெனிக்கே வந்துவிட்டார். குள்ளமான மனுஷி. நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. முதலாளிகூட ஓடிவந்தார். வீட்டில் மனைவி சொல்வதற்கும் கம்பெனியில் மனைவியின் தம்பி சொல்வதற்கும் தலையாட்டியே கழுத்து தேய்ந்துபோன மனிதர் அவர்.

"நான் கேட்டது கேஸ்மென்ட்," என்றார் டாக்டர்.

"குடுத்ததும் அதேதான் டாக்டர்," என்றான் மச்சினன். தடுமாற்றமே இல்லை. போனை எடுத்து முதல் அர்த்தத்தைப் படித்தான். பிறகு குரலை உயர்த்தி இரண்டாவது அர்த்தத்தைப் படித்தான். இலக்கிய வழக்கு என்ற இடத்தில் ஒரு கணம் நிறுத்தி, நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தான்.

மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஸ்கேல் அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இதற்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தாள்.

டாக்டர் முழுவதும் கேட்டார். "படிச்சு முடிச்சாச்சா? சரி. இப்போ நான் ஒண்ணு கேக்கறேன். ஒரு பேஷன்ட்டுக்கு ஊசி போடணும்னு நான் எழுதறேன். நர்ஸ் போய் துணி தைக்கிற ஊசியை எடுத்து அவர் கையில குத்திட்டு வந்து, 'இதுவும் ஊசிதான் டாக்டர், அகராதியில இருக்கு'ன்னு சொன்னா, அந்த நர்ஸை நான் என்ன பண்ணணும்? நீங்களே சொல்லுங்க."

பட்டறைப் பக்கமிருந்து ஃபிட்டரின் சிரிப்பு வெடித்தது. அவசரமாக அதை இருமலாக மாற்றிக்கொண்டார். மச்சினன் போனை விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். அகராதியில் அதற்குப் பதில் இல்லை போலும்.

முதலாளி கையைப் பிசைந்தார். வீட்டில் மனைவியின் முகம் அவருக்கு நினைவு வந்திருக்கவேண்டும். "டாக்டர், தப்பு வந்து... படத்துல நடந்திருக்கு. எங்க டிராயிங் பண்றவங்கதான்... இந்தாம்மா, கீழ வா."

ஸ்கேல் அக்கா இறங்கி வந்தாள். படத்தாள் மேஜையில் விரிக்கப்பட்டது. இருபத்திரண்டு அம்பு; கீழே அழகான கையெழுத்து.

"ஆமா, மேடம் சைன் பண்ணித்தான் போயிருக்கு," என்றான் மச்சினன், உயிர் வந்தவனாக.

அவள் இதற்கும் தயாராகத்தான் இருந்தாள். "நான் சொன்னேன் டாக்டர். இது கீல் ஜன்னல்னு இவர்கிட்ட நேர்ல போய்ச் சொன்னேன். இவரு கேக்கல. சீட்டும் என்கிட்ட இருக்கு, இவரு கையெழுத்துதான்." சீட்டை எடுத்து வைத்தாள். மச்சினன் அதைத் தொடவில்லை.

டாக்டர் சீட்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "அப்போ உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும் டாக்டர்."

"என் லெட்டரும் உங்க கைக்கு வந்துச்சா?"

"வந்துச்சு."

"அதுல என் நம்பர் இருந்துச்சா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். 'என் வேலை கோடு போடறது' என்ற வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. வீட்டில் நடித்துக் காட்டியபோது எவ்வளவு ஜோராக இருந்தது! இங்கே அதைச் சொல்ல வாய் கூசியது.

"இருந்துச்சு," என்றாள்.

"ஏன் கூப்பிடல?"

"இவரு மாட்டிக்கிட்டு முழிக்கறதைப் பாக்கணும்னு நெனச்சேன்."

முதலாளி இருமினார். டாக்டர் அவளையே எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பதுபோல் கொஞ்சநேரம் பார்த்தார்.

"இவருக்கு ஒண்ணும் தெரியல. அதைப் பாத்தாலே தெரியுது, சொல்லிக்க வேண்டியதில்ல. உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. பாதி ஜன்னல்தான் திறக்கும்னு தெரியும். அங்க படுக்கப்போறவங்க யாருன்னு தெரியும். தெரிஞ்சுக்கிட்டே வேடிக்கை பாக்க ஒக்காந்திருக்கீங்க. நான் யாரு மேல கோவப்படணும்?"

அவளுக்குக் காது சுட்டது. மச்சினனுக்காகச் சேர்த்துவைத்திருந்த ஏளனம் முழுவதையும் யாரோ வாங்கித் தன் தலையில் கவிழ்த்துவிட்டது போலிருந்தது. பக்கத்தில் அவன், தான் தப்பித்துவிட்டதாக நினைத்து மெல்லச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"இன்னும் ரெண்டு வாரத்துல வார்டு திறக்கணும்," என்றார் டாக்டர். "யாரு மாத்தித் தரப்போறீங்க?"

"நான் நாளைக்கே வந்து அளவெடுக்கறேன்," என்றாள் ஸ்கேல் அக்கா.

"இன்னிக்கு வாங்க."

அன்று மத்தியானமே டேப்பும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு ஃபிட்டரோடு போனாள். புது வார்டு நீளமாக, பெயின்ட் வாசனையோடு இருந்தது. கட்டில்களுக்கு இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. அவள் ஒரு ஜன்னலைத் தள்ளினாள். பாதி வரை போய் நின்றது. கையை வெளியே நீட்டினாள். காற்று கையில் நன்றாகத்தான் பட்டது. கட்டிலருகே வந்து நின்றால் ஒன்றுமே தெரியவில்லை.

பின்பக்கச் சுவருக்கு வந்தபோது ஃபிட்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இங்க வந்து பாருங்க," என்றார்.

அந்தப் பக்கம் ஜன்னலை ஒட்டியே வெளியில், பக்கத்து வார்டுக்குப் போகிற திறந்த மாடி நடைபாதை ஒன்று போயிற்று. இரண்டு பேர் ஒரு நோயாளியைச் சக்கரக்கட்டிலில் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே ஏழு ஜன்னல். கீல் வைத்து வெளிப்பக்கம் திறந்தால் ஏழும் சரியாகப் போகிறவர்களின் முகத்துக்கு நேரே நிற்கும்.

ஸ்கேல் அக்கா ஜன்னல் திட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலிலேயே அவள் சொன்னபடி நடந்திருந்தால் என்ன வரைந்திருப்பாள்? இருபத்திரண்டு முக்கோணம், எல்லாம் வெளியே திறக்கும்படி. எப்போதும் அப்படித்தான் வரைவாள். முதல் வாரத்திலேயே யாராவது ஒருவர் நெற்றியில் தையல் போட்டுக்கொண்டிருப்பார். முதல் அர்த்தம் தெரிந்த மகராசி, இந்த இடத்தை வந்து பார்க்கவில்லை. அவனும் பார்க்கவில்லை. ஒருவன் போனைப் பார்த்தான், ஒருத்தி அவனைப் பார்த்தாள்.

"என்னக்கா, தலை சுத்துதா?"

"இல்லண்ணே. நம்ம மேனேஜருக்கு இன்னொரு அக்கா இருந்தா எப்படி இருப்பான்னு நெனச்சுப் பாத்தேன். என்னை மாதிரியே இருக்கா."

ஃபிட்டருக்குப் புரியவில்லை.

ஏழு ஜன்னலையும் உள்பக்கம் திறக்கும்படி வைக்கவேண்டும்; அப்படியானால் கட்டில்களை ஒன்றரை அடி தள்ளிப் போடவேண்டும். தரையில் சாக்பீஸால் கதவு சுழலுகிற வளைவைப் போட்டுப் போட்டுக் காட்டினாள். தலைமை நர்ஸ் வந்து, கட்டிலை நகர்த்தினால் தனக்கு நடக்க வழி இல்லை என்று சண்டை போட்டாள். சண்டையில் நியாயம் இருந்தது. மறுபடி அழித்து மறுபடி போட்டார்கள். முன்பக்கத்தில் மூன்று ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்க் குழாய் வந்தது; கீலை இடது பக்கம் மாற்றினால் தப்பித்தது. அவள் வாழ்க்கையில் ஒரே வேலைக்கு இத்தனை தடவை ரப்பர் தேய்த்ததில்லை. மறுநாளும் போனாள். லீவு நாளிலும் போனாள். கணவர் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். டிக்‌ஷனரி என்ன சொல்லிச்சு என்று அந்த வாரம் அவர் கேட்கவேயில்லை.

பதிமூன்றாம் நாள் எல்லாம் முடிந்தது. கடைசி ஜன்னலுக்கு ரப்பர் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தபோது மச்சினன் ஒரு கேமராக்காரனோடு வந்து சேர்ந்தான். ஸ்லைடிங்கெல்லாம் கழற்றிக்கொண்டு வந்து கொட்டியதில் கொட்டகை நிரம்பி, அவன் காரை வெயிலில் நிறுத்தவேண்டியதாகிவிட்டது; அது ஒன்றுதான் அவனுக்கு ஏற்பட்ட நஷ்டம். முதலாளி அவனுக்கு விளம்பரப் பிரிவுத் தலைவர் என்று புதுப் பட்டம் கொடுத்திருந்தார். மனைவியிடம் எப்படியோ பேசி, தீர்வு கண்டுவிட்டதாக அவருக்கு நினைப்பு.

"மேடம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கேஸ்மென்ட்டை மறைக்கறீங்க," என்றான் மச்சினன்.

இந்தத் தடவை அவன் சொன்னது சரியான அர்த்தத்தில்தான். அது அவனுக்குத் தெரியாது. அவள் தள்ளி நின்றாள்.

டாக்டர் வந்து இருபத்திரண்டையும் தன் கையால் திறந்தார், சாத்தினார். ஏழில் ஒன்றைத் திறந்து வைத்துவிட்டு, நடைபாதையில் தானே நடந்து பார்த்தார். திரும்பி வந்து, "சரி," என்றார். நன்றி சொல்லவில்லை. ஸ்கேல் அக்காவும் எதிர்பார்க்கவில்லை. சொல்லியிருந்தால் சங்கடமாக இருந்திருக்கும்.

கம்பெனியில் கேட்லாக் மாறவில்லை. மச்சினனும் மாறவில்லை. அவனைப் பற்றி ஸ்கேல் அக்காவின் அபிப்பிராயமும் இம்மியளவு மாறவில்லை. ஆனால் சீட்டு மாடிக்கு வந்ததும் அவள் இப்போது பென்சிலை எடுப்பதில்லை, போனை எடுக்கிறாள். கஸ்டமரோடு பேசுவது தன் வேலை என்று மச்சினன் வந்து வாசலில் நின்று முறைத்துப் பார்த்தான். அவள் ஒரு கையால் அவனுக்கு நாற்காலியைக் காட்டிவிட்டு மறு கையால் நம்பரை அழுத்தினாள்.

"சார், பத்து கேஸ்மென்ட் கேட்டிருக்கீங்க. எந்த மாதிரி வேணும்? கதவு மாதிரி திறக்கறதா, பக்கத்துல தள்ளறதா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க," என்றது எதிர்முனைக் குரல். "பக்கத்து வீட்டுல கேஸ்மென்ட்னு போட்டிருக்காங்க. எங்களுக்கும் அதேதான் வேணும்னு வீட்ல சொல்றாங்க."

"பக்கத்து வீட்டு ஜன்னல் எப்படித் திறக்குது?"

எதிர்முனையில் யாரிடமோ கேட்கிற சத்தம். ஒரு பெண் குரல் ஏதோ சொன்னது. மறுபடி அவர் வந்தார்.

"நாங்க இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு. அது திறந்து ஒருநாளும் பாத்ததில்லைன்னு சொல்றாங்க."

மச்சினனின் முகம் மலர்ந்தது. "சொன்னேன்ல, பேருதான் விக்கும்னு?" என்றான்.

ஸ்கேல் அக்கா அவனைப் பார்த்தாள். சொல்வதற்கு நாலைந்து வாக்கியங்கள் இருந்தன; எல்லாமே நன்றாக இருந்தன. எதையும் சொல்லாமல் போனில், "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வீட்ல இருப்பீங்களா? டேப் எடுத்துக்கிட்டு வரேன்," என்றாள்.